டரட் சொல்லும் 10 மில், உண்மையிலேயே 10 மில்தானா?

இங்கிலாந்தின் பிஸ்லியில், ஸ்டிக்கிள்டவுன் என்ற தொலைதூரத் துப்பாக்கி ரேஞ்சுக்கு வந்து 1000 கஜத்தில் சுடுகிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். பேச்சு நேராகக் காற்றுக்குப் போய்விடும். கொடி எப்படிப் படபடத்தது, கானல் எந்தப் பக்கம் ஓடியது, நடுவில் எப்போது திசை மாறியது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அடுத்தது தோட்டா: எந்த மருந்து, எத்தனை கிரெய்ன், எந்த லாட். அதற்கும் பிறகு தன் மூச்சு, தன் விரல், தன் தோள். குண்டு இடமோ வலமோ விலகினால் காற்றைச் சந்தேகிப்பது நியாயம். உயரத்தில் தவறும்போதும் இதே வரிசைதான். ரைஃபிள் மேல் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்பில், குறியை ஏற்றி இறக்கத் திருப்பும் குமிழ் ஒன்று இருக்கிறது, டரட் என்று பெயர். அதை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. அதில் எண் பொறித்திருக்கிறது, திருப்பினால் கணீரென்று கிளிக் கேட்கிறது, விலையும் கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம் அது எப்படிப் பொய் சொல்லும் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இந்த விளையாட்டில் எய்தவனையும் நொந்துகொள்கிறோம், அம்பையும் நொந்துகொள்கிறோம். நடுவே ஒரு கருவி தப்பித்துக்கொள்கிறது. அதைப் பிடித்து அளந்து பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், எனக்கு இது அவ்வளவு முக்கியமான விஷயம்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கி சுடுதல் என்றால் நமக்கு ஒலிம்பிக்தான் நினைவுக்கு வரும், இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் நினைவுக்கு வரும். அங்கே ஸ்கோப் கிடையாது. சிறு துளை வழியாகப் பார்த்துக் குறிவைப்பார்கள். பிஸ்லியிலும் பழைய மரபுப்படியான டார்கெட் ரைஃபிள் போட்டிகள் துளைக்குறியில்தான் நடக்கின்றன. ஸ்கோப் வைத்துத் தொலைதூர டார்கெட் சுடும் எஃப் கிளாஸ் பின்னால் வந்தது. கனடாவின் ஜார்ஜ் ஃபார்குஹார்சன் தொடங்கிவைத்தது, அவர் பெயரின் முதலெழுத்தே அதன் பெயர். வயதாகிக் கண்ணும் உடம்பும் ஒத்துழைக்காதவர்கள் தொடர்ந்து சுட வேண்டும் என்றுதான் ஸ்கோப்பையும் ரைஃபிளை வைத்துச் சுட ஒரு தாங்கியையும் அனுமதித்தார்கள். இன்று இளைஞர்களும் அதில் நிறைய பேர்.

சரி, டரட் என்ன செய்கிறது? 100 கஜத்தில் குறி சரிசெய்து வைத்த ஒரு .308 ரைஃபிளை 1000 கஜத்துக்குக் கொண்டுபோனால், குண்டு பல மீட்டர் கீழே விழுந்துவிடும். அதற்கு ஈடாகக் குழலை ஒரு சின்னக் கோணத்தில் தூக்க வேண்டும். எத்தனை தூக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு, அந்தக் கோணத்தை டரட்டில் திருப்புகிறோம். கோணத்துக்கு இரண்டு அளவுமுறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று எம்ஓஏ, அதாவது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது 1.047 அங்குலம். இன்னொன்று மில், ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 100 கஜத்தில் 3.6 அங்குலம். மில் டரட்டில் ஒரு கிளிக் பெரும்பாலும் 0.1 மில்.

இதிலேயே ஒரு பழைய குழப்பம் இருக்கிறது. 100 கஜத்துக்கு ஒரு அங்குலம் என்பதை எம்ஓஏ என்றே பலர் சொல்லிப் பழகிவிட்டார்கள். சில ஸ்கோப்புகளின் டரட்டும் அந்த அங்குலக் கணக்கிலேயே செய்யப்பட்டிருக்கும். வித்தியாசம் 4.7 சதவீதம்தான். ஆனால் 35 எம்ஓஏ ஏற்ற வேண்டிய இடத்தில் 35 அங்குலக் கணக்கில் ஏற்றினால், 1000 கஜத்தில் குண்டு 16 அங்குலத்துக்கு மேல் தாழ்ந்து விழும். ஆகவே ஸ்கோப் பழுதாக இல்லாமலே தவறலாம். அளப்பதற்கு முன்னால் உங்கள் டரட் எந்தக் கணக்கில் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால்தான் தவறு எங்கிருந்து வருகிறது என்று புரியும். ஸ்கோப்பின் வெளிக்குழலுக்குள் இன்னொரு சின்னக் குழல் இருக்கிறது. பின்பக்கம் ஒரு கீலில் மாட்டியிருக்கும். முன்பக்கத்தை மேலிருந்து டரட்டின் திருகு அழுத்தும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். டரட்டைத் திருப்பினால் திருகு மரையில் ஏறி இறங்குகிறது, சின்னக் குழல் அசைகிறது, முன்லென்ஸ் விழவைக்கும் பிம்பத்தின் மீது குறுக்குக்கம்பி நகர்கிறது. முன்லென்ஸின் குவியத் தொலைவு 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.1 மில் என்பது அங்கே 0.02 மில்லிமீட்டர் நகர்வு. ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றிலொரு பங்குகூட இல்லாத அசைவு அது. 10 மில் முழுக்க ஏற்றினாலும் உள்ளே நகர்வது 2 மில்லிமீட்டர்தான். அந்த 2 மில்லிமீட்டரில் 2 சதவீதம் பிசகினால் 0.04 மில்லிமீட்டர். மரையின் புரியிடைத் தூரமோ லென்ஸின் குவியத் தொலைவோ வரைபடத்திலிருந்து துளி விலகினாலே அந்தப் பிசகு வந்துவிடும். கிளிக் சத்தத்தில் அது கேட்காது. ஒவ்வொரு கிளிக்கும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் குட்டையாக இருக்கும்.

முன்காலத்து ஸ்கோப்புகளில் இதை நேரடியாகவே சோதிக்கலாம். பிட்ஸ்பர்க்கின் உனர்ட்டல் போன்ற அமெரிக்க டார்கெட் ஸ்கோப்புகளில் உள்ளே எதுவும் அசையாது. முழு ஸ்கோப்பும் வெளியே இரண்டு தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும், பின்தாங்கியில் மைக்ரோமீட்டர் திருகு இருக்கும். ஒரு கிளிக்குக்குத் திருகு அரை தௌ, அதாவது 0.0005 அங்குலம் நகரும். இரண்டு தாங்கிகளுக்கும் இடைவெளி 7.2 அங்குலம். 0.0005-ஐ 7.2-ஆல் வகுத்து 100 கஜத்தின் 3600 அங்குலத்தால் பெருக்குங்கள்: சரியாகக் கால் அங்குலம். தாங்கிகளின் இடைவெளியைக் காலிப்பர் வைத்து அளந்தாலே உங்கள் கிளிக்கின் மதிப்பு தெரிந்துவிடும். இன்றைய ஸ்கோப்பில் அந்த நெம்புகோல் முழுவதும் மூடிய குழலுக்குள் போய்விட்டது. கைக்கு எட்டாத ஒன்றை அளக்க ஒரே வழி, அது டார்கெட்டில் என்ன செய்கிறது என்று பார்ப்பது.

இதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், போன கோடையில் கிளப்பில் நடந்த ஒரு விஷயம். யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், எஃப் கிளாஸில் புதிதாகச் சேர்ந்தவர், நல்ல பொறுமைசாலி. ரைஃபிளும் தோட்டாவும் அருமையாகக் குரூப் போடுகின்றன, அதாவது குண்டுகள் ஒன்றையொன்று ஒட்டியே விழுகின்றன. 500 கஜத்தில், எத்தனை ஏற்ற வேண்டும் என்று கணக்கிடும் போன் ஆப் சொன்ன எண்ணைத் திருப்பினார், நடுவில் விழுந்தது. 1000 கஜத்தில் அதே ஆப் 10.5 மில் என்றது, திருப்பினார், ஒரு சாண் அளவுக்குக் கீழே போனது. எஃப் கிளாஸ் டார்கெட்டில் 1000 கஜத்துக்கு முக்கியமான வட்டத்தின் குறுக்களவே சுமார் 10 அங்குலம். ஒரு சாண் கீழே என்றால் அந்த வட்டத்துக்கே வெளியே.

"அண்ணை, 500-ல எல்லாம் சரியாத்தான் வந்தது. இங்க மட்டும் கீழ இறங்குது. ஆப்பில வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பார்க்கட்டோ?" என்று கேட்டார்.

"பொறுங்க தம்பி, வேகத்தை க்ரோனோகிராஃப் வச்சு அளந்துட்டீங்கல்ல? அதை ஏன் தொடணும்? முதல்ல ஸ்கோப்பைப் பார்ப்போம்" என்றேன்.

அவர் கேட்டதில் விநோதம் ஒன்றுமில்லை. எல்லோரும் செய்வது அதைத்தான். குழலிலிருந்து குண்டு கிளம்பும் வேகத்தை ஆப்பில் வினாடிக்கு 30 அடி போலக் குறைத்துவிட்டால், ஆப் கொஞ்சம் கூடுதலாக ஏற்றச் சொல்லும், 1000 கஜத்தில் குண்டு நடுவுக்கு வந்துவிடும். அதில் இருக்கும் ஆபத்தே அது வேலை செய்வதுதான். வேகத்தில் 1 சதவீதத்தைக் குறைத்தால் தாழ்வு எல்லாத் தூரத்திலும் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். ஸ்கோப்பின் கிளிக் 2 சதவீதம் குட்டையாக இருந்தாலும் விளைவு அதேபோலத்தான் தெரியும். இரண்டு தவறுகளும் ஒரே முகம் கொண்டவை. அதனால் ஸ்கோப்பின் கடனைத் தோட்டாவின் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம், ரொம்ப நாளைக்கு. பிறகு ஒரு நாள் 1200 கஜத்துக்குப் போவீர்கள், குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் கணக்கு பிய்த்துக்கொள்ளும். அல்லது புதுத் தோட்டா செய்து அதன் உண்மையான வேகத்தை ஆப்பில் போடுவீர்கள், பழைய தவறு திரும்ப எழுந்து நிற்கும். அல்லது அதே ஸ்கோப்பை இன்னொரு ரைஃபிளில் மாட்டுவீர்கள். அப்போது எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாது. வேகம் என்று எழுதியிருக்கும் இடத்தில் வேகம் இருக்க வேண்டும். அளந்து பெற்ற எண்ணை, வேறொன்றின் தவறை மூடி மறைப்பதற்காகத் திருத்துவது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

500 கஜத்தில் ஏன் சரியாக வந்தது? 2 சதவீதக் குறை 3 மில்லில் 0.06 மில்தான். 500 கஜத்தில் அது சுமார் 3 சென்டிமீட்டர். குரூப்பின் அகலத்துக்குள்ளேயே மறைந்துவிடும். 1000 கஜத்தில் ஏற்றமும் மூன்று மடங்குக்கு மேல், தூரமும் இரண்டு மடங்கு. இரண்டும் சேர்ந்து அந்த 3 சென்டிமீட்டர் 20 சென்டிமீட்டராக வளர்கிறது.

ஷார்ட் சைபீரியா என்ற 100 கஜ ரேஞ்சைப் பிடித்தோம். இந்தச் சோதனைக்கு உயரமான தாள் வேண்டும். சுவர்த்தாள் சுருளில் நாலடிக்கு மேல் வெட்டி, பின்பக்கத்தைத் திருப்பி, சட்டத்தில் ஒட்டினோம். ரேஞ்ச் அதிகாரியிடம் என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குண்டு குறிவைத்த இடத்துக்கு மூன்றடி மேலே போகப் போகிறது, பின்னால் இருக்கும் மண்மேடு அதைத் தாங்கும் என்று அவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் தொடங்கினோம்.

தாளின் மேல்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டோம். நூல் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, அதன் மேலேயே ஒரு நேர்கோடு போட்டோம். கீழே ஒரு சின்னக் கட்டம், அதுதான் குறி. அங்கிருந்து மேலே 91.44 சென்டிமீட்டரில் ஒரு குறுக்குக்கோடு. 100 கஜம் என்பது 91.44 மீட்டர், அதில் 10 மில் என்றால் 91.44 சென்டிமீட்டர். எம்ஓஏ ஸ்கோப்பாக இருந்தால் 30 எம்ஓஏ ஏற்றலாம், 31.4 அங்குலம் வர வேண்டும். தாள் பின்பக்கம் சாயாமல் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 5 டிகிரி சாய்ந்திருந்தாலே அளவில் 0.4 சதவீதம் கூடிவிடும்.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் தூரம். ரேஞ்சில் 100 என்று பலகை வைத்திருந்தால் அது 100 என்று எடுத்துக்கொள்கிறோம். நாம் தேடுவதோ 1, 2 சதவீதத் தவறை. தூரத்தில் ஒரு கஜம் பிசகினால் அங்கேயே 1 சதவீதம் போய்விட்டது. கையடக்க லேசர் கருவிகள் பலவும் ஒரு கஜம் முன்பின்னாகத்தான் சொல்லும், அதனால் இந்த வேலைக்கு அவை உதவாது. மீட்டருக்கும் கஜத்துக்கும் குழம்பினால் சொல்லவே வேண்டாம், 9 சதவீதத்துக்கு மேல் பிசகும். நீளமான டேப்பை ஒருவர் தாளில் பிடிக்க, இன்னொருவர் இழுத்துக்கொண்டு வந்து, ரைஃபிள் வைக்கும் இடத்தில் ஸ்கோப் இருக்கும் புள்ளிவரை அளக்க வேண்டும். குழலின் நுனிக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே முக்கால் மீட்டர் போல இருக்கும் என்பதால் எதுவரை அளக்கிறோம் என்பதையும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். நாங்கள் டேப்பைத் தொய்வில்லாமல் இழுத்து, இரண்டு முறை அளந்து, ரைஃபிளை அரையடி முன்னால் நகர்த்தி வைத்தோம். ரேஞ்ச் திறந்திருக்காத நேரத்தில், சிவப்புக் கொடி ஏறுவதற்கு முன், இதையெல்லாம் முடித்துவிட வேண்டும்.

ரைஃபிளில் ஸ்கோப்பின் ரிங், மவுண்ட் ஸ்க்ரூ எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் போட்டுச் சரிபார்த்தோம். பிறகு தம்பி படுத்தார். கட்டத்தில் குறிவைத்து டரட் 0-வில் ஐந்து குண்டு. 10 மில் ஏற்றி, அதே கட்டத்தில் குறிவைத்து ஐந்து குண்டு. இறக்கி 0-வில் மறுபடி ஐந்து. 5 மில்லில் ஐந்து. கடைசியாக ஒரு முறை 10 மில்லைத் தாண்டி ஏற்றி, மேலிருந்து 10-க்கு இறக்கி வந்து ஐந்து. கடைசிக் குரூப் எதற்கு என்றால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கீழிருந்து ஏறி வரும்போதும் மேலிருந்து இறங்கி வரும்போதும் குறுக்குக்கம்பி வேறு வேறு இடத்தில் நிற்கும். ஒவ்வொரு குரூப்புக்கும் குழல் ஆற நேரம் கொடுத்தோம்.

ஏன் ஐந்து? ஒரு குண்டு மட்டும் சுட்டு அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல ரைஃபிளில்கூட 100 கஜத்தில் குண்டுகள் உயரவாக்கில் கால் அங்குல அளவில் சிதறும். ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுத்தால் சிதறலைத்தான் அளந்திருப்பீர்கள். ஐந்தின் நடுப்புள்ளியை எடுத்தால் அந்தச் சிதறல் பாதிக்கும் கீழே போய்விடும். மேலும் கீழுமாக இரண்டு குரூப்பின் பிழையும் சேர்ந்தால், 36 அங்குலத்தில் ஏறக்குறைய அரை சதவீதத்துக்குள் நிற்கும். 2 சதவீதத் தவறைப் பிடிக்க இது போதும். அரை சதவீதத் தவறைப் பிடிக்க வேண்டும் என்றால் குரூப்புக்குப் பத்து குண்டு சுட வேண்டும், அதற்கு மேல் துல்லியம் வேண்டும் என்றால் சுடுவதே சரியான வழியில்லை. அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

தாளைக் கழற்றி மேசையில் விரித்து, ஒவ்வொரு குரூப்பிலும் ஐந்து ஓட்டைகளின் உயரத்தையும் கீழ்க்கோட்டிலிருந்து ஸ்டீல் அளவுகோலால் அளந்து சராசரி எடுத்தோம். குரூப்பைக் கண்ணால் பார்த்து "இதுதான் நடு" என்று புள்ளி வைப்பது வேண்டாம், ஐந்தையும் எழுதிக் கூட்டி வகுங்கள். கீழ்க் குரூப்பின் நடுவிலிருந்து மேல் குரூப்பின் நடுவுக்கு 91.44 வர வேண்டிய இடத்தில் 89.5 வந்தது. 5 மில் குரூப் ஏறக்குறைய அதன் சரிபாதியில் இருந்தது. 0-வுக்குத் திரும்பி வந்த குரூப் முதல் குரூப்பின் மேலேயே உட்கார்ந்தது. மேலிருந்து இறக்கிய குரூப்பும் கீழிருந்து ஏற்றியதும் ஒன்றே. ஓட்டைகள் எல்லாம் தூக்குக்கோட்டை ஒட்டியே ஏறியிருந்தன.

இதைவிட நல்ல செய்தி கிடைக்காது. ஸ்கோப் 2.1 சதவீதம் குட்டையாகப் பேசுகிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு குட்டையாகப் பேசுகிறது. 10.5 மில்லில் 2.1 சதவீதம் 0.22 மில். 1000 கஜத்தில் அது 20 சென்டிமீட்டர். ஸ்டிக்கிள்டவுனில் கீழே இறங்கிய அந்த ஒரு சாண் இதுதான். தம்பி அந்தத் தாளை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்படிச் சீராகத் தவறும் ஸ்கோப்பை வைத்துக்கொண்டு தாராளமாகச் சுடலாம். நாளுக்கொரு மாதிரி திரும்பி வரும் ஸ்கோப், 5 மில்வரை சரியாகப் போய் அப்புறம் தடுமாறும் ஸ்கோப், ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றும் சொல்லும் ஸ்கோப் ஆகியவற்றுக்கு எந்தக் கணக்கும் உதவாது. கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதுதான். அனுப்பும்போது அளந்த தாளின் படத்தையும் தூரம் அளந்த விதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எனக்கு ஒருமுறை, விவரம் எதுவும் கேட்காமலே "எங்கள் சோதனையில் சரியாக இருக்கிறது" என்று ஒரு ஸ்கோப் திரும்பி வந்தது. இரண்டாம் முறை அளவுகளோடு அனுப்பிய பிறகுதான் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள்.

சுடாமல் சோதிக்கும் வழியைச் சொல்கிறேன் என்றேன். கனமான இரும்புக் கட்டையில் ரைஃபிளில் இருப்பது போன்ற ரெயிலைப் பொருத்தி, அதில் ஸ்கோப்பை இறுக்கி, கட்டை இம்மியும் அசையாமல் வைத்துவிட வேண்டும். 100 கஜத்தில் 91.44 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட நீளப் பலகை. குறுக்குக்கம்பியை மேல்கோட்டில் நிறுத்தி, ஒவ்வொரு மில்லாக ஏற்றிப் பார்த்தால், கம்பி ஒவ்வொரு கோடாகக் கீழே இறங்கும். இங்கே தோட்டா, காற்று, தோள், விரல் எதுவும் கிடையாது. பாதிக் கிளிக் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். கண்ணைத் தள்ளி வைத்துப் பார்த்தால் பிம்பம் நகரக்கூடாது, அதற்குப் பாரலாக்ஸ் குமிழைச் சரியாகத் திருப்பியிருக்க வேண்டும். கட்டை நகரவில்லை என்பதற்குச் சாட்சியாக அதன் மேல் இன்னொரு ஸ்கோப்பையும் மாட்டி, அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுவது நல்லது. அது காட்டும் புள்ளி மாறாமல் இருந்தால் கட்டையும் அசையவில்லை.

துப்பாக்கியையும் மனிதனையும் பிரித்துவைத்துச் சோதிப்பது இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பிரிட்டனின் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் 1860 ஜூலையில் விம்பிள்டனில் முதல் போட்டியை நடத்தியபோது, விக்டோரியா மகாராணிதான் முதல் குண்டைச் சுட்டார். ரைஃபிளை ஓர் இயந்திரத் தாங்கியில் இறுக்கி முன்பே குறிவைத்திருந்தார்கள், அவர் விசையில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார், அவ்வளவுதான். 400 கஜத்தில் குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குல அளவில் விழுந்தது. ரைஃபிள் ஜோசஃப் விட்வொர்த் செய்தது. 1841-ல் திருகு மரைக்குப் பொது அளவு வகுத்த அதே விட்வொர்த். நம் ஊர் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு அந்தப் பெயரும் 55 டிகிரி மரையும் பழக்கம். மரையை அளந்து பழகிய ஒருவர் ரைஃபிளையும் அதே கண்ணோடு பார்த்திருக்கிறார். அந்த ஒரு குண்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை வருகிறது.

குறுக்குக்கம்பியிலேயே மில் கோடுகள் இருக்கும் ஸ்கோப்பில் இன்னொரு சுலப வழி உண்டு என்று பலர் சொல்வார்கள். 10 மில் ஏற்றி, நடுவை ஒரு புள்ளியில் வைத்து, ரைஃபிளை அசைக்காமல் 0-வுக்கு இறக்கினால், கம்பியின் 10-ஆம் கோடு அந்தப் புள்ளியில் வந்து நிற்க வேண்டும். தூரம் அளக்க வேண்டாம், தாள் வேண்டாம். திருகு மட்டும் கெட்டிருந்தால் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் முன்லென்ஸின் குவியத் தொலைவு பிசகியிருந்தால், கோடும் திருகும் ஒரே பிம்பத்தின் மீதுதான் அளக்கின்றன என்பதால் இரண்டும் ஒத்துப்போகும், இரண்டுமே தவறாக இருக்கும். இரண்டும் ஒன்றையே சொல்வதால் மட்டும் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெளியே இருக்கும் டேப்பும் தாளும்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

பாக்ஸ் டெஸ்ட் பற்றியும் கேட்பார்கள். மேலே சில மில், வலப்பக்கம் சில மில், கீழே, இடப்பக்கம் என்று சதுரமாகச் சுட்டு, தொடங்கிய இடத்துக்குத் திரும்புவது. திரும்பி வருகிறதா என்பதற்கு அது சரியான சோதனை. ஆனால் எல்லாக் கிளிக்கும் ஒன்றுபோலக் குட்டையாக இருந்தால் சதுரம் கொஞ்சம் சின்னதாக, அழகாக மூடிக்கொள்ளும். தம்பியின் ஸ்கோப் அதில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

சாய்வை மறந்துவிடக்கூடாது. கம்பியை நேராகப் பிடித்தும், டரட் ஏறும்போது கம்பி தூக்குக்கோட்டை விட்டு ஒரு பக்கமாக விலகினால், ஸ்கோப்புக்குள் கம்பி கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்கோப் சரியாக இருந்து, சுடுபவர் ரைஃபிளைச் சாய்த்துப் பிடித்தாலும் இதே விளைவுதான். 10 மில் ஏற்றத்தில் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் உயரம் மாறாது, பக்கவாட்டில் 0.17 மில் போய்விடும், 1000 கஜத்தில் 16 சென்டிமீட்டர். சுடுகிறவர் அதைக் காற்று என்று நினைத்துத் திருத்திக்கொண்டே இருப்பார். ஸ்கோப்பின் மேல் ஒரு சின்ன ரசமட்டக் குமிழை மாட்டி, அதைத் தூக்குக்கோட்டைப் பார்த்துச் சரிசெய்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இதெல்லாம் எல்லோருக்கும் ஒரே அளவில் முக்கியம் என்று சொல்ல மாட்டேன். எஃப் கிளாஸில் மதிப்பெண் கணக்கு தொடங்கும் முன் இரண்டு சோதனைக் குண்டு கிடைக்கிறது, ஒவ்வொரு குண்டுக்கும் டார்கெட்டைக் கீழே இறக்கிக் குறி போட்டு மேலே ஏற்றிக் காட்டுகிறார்கள். உயரத்தில் ஒரு சாண் தவறினால் அடுத்த குண்டில் திருத்திக்கொள்ளலாம். ஒரே தூரத்தில் நாள் முழுக்கச் சுடுகிறவருக்கு ஸ்கோப் 0-வுக்குத் திரும்பி வந்தாலே போதும். ஆனால் 900-லிருந்து 1000-க்கு, 1000-லிருந்து 1200-க்கு நகரும்போது சோதனைக் குண்டு உயரத்தைத் தேடியே தீர்ந்துபோகும். காற்றைப் படிக்க வேண்டிய நேரம் அது. முதல் குண்டுக்கே மதிப்பெண் தரும் போட்டிகளில், தெரியாத தூரங்களில் வரிசையாக இரும்புத்தகடுகளைச் சுடும்போது, இந்தச் சோதனை செய்யாமல் போகவே கூடாது.

தம்பியின் ஆப்பில் க்ரோனோகிராஃப் சொன்ன வேகத்தையே திரும்பப் போட்டோம். ஸ்கோப் திருத்தம் என்று தனியாக ஒரு கட்டம் அந்த ஆப்பில் இருக்கிறது, நிறைய ஆப்களில் உண்டு, அதில் 1.022 என்று எழுதினோம். இப்போது 1000 கஜத்துக்கு ஆப் 10.7 மில் என்கிறது. அந்தக் கட்டம் இல்லாத ஆப்பாக இருந்தால் சின்ன அட்டவணை எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். அடுத்த முறை ஸ்டிக்கிள்டவுனில் அவருடைய முதல் சோதனைக் குண்டு உயரத்தில் வட்டத்துக்குள் விழுந்தது, பக்கவாட்டில் காற்று அதை வெளியே தள்ளியிருந்தது. "இனி காத்தோட மட்டும்தான் சண்டை, அண்ணை" என்றார்.

பக்கவாட்டு டரட்டை இன்னும் நாங்கள் அளக்கவில்லை. உயரத்தில் 2.1 சதவீதம் என்றால் அதிலும் அதுவேதான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதன் திருகு வேறு. உயரத்தில் நிறைய ஏற்றிய நிலையில் பக்கவாட்டிலும் திருப்பினால் உள்குழல் வெளிக்குழலின் வளைவில் முட்டவும் செய்யும். ஆகவே 0-வில் ஒரு முறை, 10 மில் ஏற்றி ஒரு முறை, இரண்டு உயரத்திலும் இடம்வலமாக 3 மில் அளக்க வேண்டும். தாளை அகலவாக்கில் ஒட்ட வேண்டியிருக்கும், சட்டம் பெரியதாக வேண்டும். ஷார்ட் சைபீரியாவில் அடுத்த இடம் கிடைத்ததும் அதுதான் வேலை. டேப்பும் தாளும் தம்பி கொண்டுவருகிறார், தூக்குக்குண்டு என் பொறுப்பு.